தடை உத்தரவு போடும் நாளிலேயே தாங்கு விலையும் வேண்டும்: விலை ஆணையத்துக்கு ஒரு டெல்டா விவசாயியின் திறந்த மடல்

வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஐந்து ஏக்கரில் பயிர் செய்கிறேன். அதில் இரண்டு ஏக்கர் குத்தகை. மேட்டூர் திறந்தால் குறுவை, எப்பாடு பட்டாவது சம்பா, அறுப்புக்கு முன்னால் வயல் ஈரத்தில் தெளிக்கிற உளுந்து. இவ்வளவுதான் எங்கள் வருடம். நீங்கள் பரிந்துரைக்கிற குறைந்தபட்ச ஆதரவு விலையை வைத்துத்தான் அடகில் இருக்கும் நகை தைக்குத் திரும்புமா, சித்திரைக்குத் தள்ளிப்போகுமா என்று வீட்டில் கணக்குப் போடுகிறோம். இந்த வருட நெல் விலையில் எனக்குக் குறை உண்டு. அதை வேறொரு சமயம் பேசலாம். இப்போது எழுதுவது, போர் மூளும்போது விளைபொருள் விலையில் அரசு எப்படித் தலையிடுகிறது என்பதைப் பற்றி.

எங்கள் ஊரில் போர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வைக்கோல் போர்தான். மற்றப் போர்களை டிவியில் பார்க்கிறோம். ஆனால் 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் தொடங்கிய போர் சில வாரங்களிலேயே எங்கள் உரக்கடைக்கு வந்துவிட்டது. பொட்டாஷ் மூட்டை 1,700 ரூபாய் ஆனது. உலகத்துக்குப் பொட்டாஷ் தருகிற பெரிய நாடுகளில் ரஷ்யாவும் பெலாரசும் உண்டு என்பதை அந்த வருடம்தான் எங்களில் பலர் தெரிந்துகொண்டோம். டிஏபி உர மூட்டை 1,350 ரூபாயைத் தாண்டாமல் இருக்க ஒன்றிய அரசு மூட்டைக்கு 2,501 ரூபாய் மானியம் கொடுத்தது. யூரியா விலையும் ஏறவில்லை. இதை நன்றியோடு சொல்கிறேன். அன்று அந்த மானியம் இல்லையென்றால் எங்கள் பக்கம் பாதி வயல் தரிசாகக் கிடந்திருக்கும்.

என் மனதை உறுத்துவது விற்கிற பக்கத்தில் நடந்தது. நான் கோதுமை விதைப்பவன் இல்லை. ஆனாலும் அந்த வருடம் கோதுமைக்கு என்ன ஆனது என்று விடாமல் கவனித்தேன். இன்று கோதுமைக்கு நடப்பது நாளை நெல்லுக்கு நடக்கும் என்று தோன்றியது. நடக்கவும் செய்தது.

2022 மார்ச் மாத வெயிலில் பஞ்சாப், அரியானா பக்கம் கோதுமை மணி சுருங்கிப்போனது. விளைச்சல் குறைந்தது. மறுபக்கம் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டதால் உலகச் சந்தையில் விலை ஏறியது. அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய். ஏற்றுமதி வியாபாரிகள் அதற்கு மேல் கொடுத்தார்கள். விவசாயிகள் அவர்களிடம் விற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 433 லட்சம் டன் இருந்த அரசுக் கொள்முதல், அந்த வருடம் 188 லட்சம் டன்னுக்கு இறங்கியது. ரேஷனில் பல மாநிலங்களுக்குக் கோதுமையைக் குறைத்து அரிசியைக் கொடுக்க வேண்டி வந்தது.

மே 12 அன்று வணிக அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கோதுமை ஏற்றுமதிக்கு வாய்ப்புத் தேடி ஒன்பது நாடுகளுக்குக் குழுக்கள் போகும் என்று. மறுநாள், மே 13, கோதுமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இரவு. முதல் அறிவிப்பை நம்பி, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று மூட்டையை வீட்டில் வைத்திருந்த விவசாயியை நினைத்துப் பாருங்கள். அவர் பதுக்கல்காரர் இல்லை. நல்ல விலை வரும் என்று அரசே சொன்னதைக் கேட்டவர்.

அதன் பிறகு நடந்ததும் முக்கியம். தடை போட்டும் நகரத்தில் வாங்குகிறவருக்கு விலை நிற்கவில்லை. 2023 ஜனவரியில் டெல்லிச் சந்தையில் கோதுமை குவிண்டால் 3,000 ரூபாயை ஒட்டிப் போனது. அந்த நேரத்தில் சிறு விவசாயி கையில் ஒரு மூட்டைகூட இருந்திருக்காது. விலை ஏறிவிட்டதே என்று அரசு தன் கிடங்கிலிருந்து வெளிச்சந்தையில் விற்றது. பிப்ரவரி நடுவில் அதன் அடிப்படை விலையை 2,150 ரூபாய்க்குக் குறைத்தது. அடுத்த அறுவடைக்கு ஆதரவு விலை 2,125. இன்னும் ஆறு வாரத்தில் புதுக் கோதுமை சந்தைக்கு வரப்போகிற நேரம் அது. விலை ஏறியபோது விவசாயியிடம் சரக்கு இல்லை. சரக்கு வந்தபோது விலையை இறக்கி வைத்தாகிவிட்டது. இரண்டு முறையும் உத்தரவில் அவருக்காக ஒரு வரி இல்லை.

அப்புறம் நெல்லின் முறை. 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை, பச்சரிசிக்கு 20 சதவீத வரி. போர் நடுவிலும் உக்ரைன் தானியக் கப்பல்கள் போக வழிவிட்டிருந்த கருங்கடல் தானிய ஒப்பந்தம் 2023 ஜூலை 17 அன்று முறிந்தது. எல் நினோவால் மழை குறையும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கு முழுத் தடை. ஆகஸ்ட் 25 அன்று புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. அந்த நாளில் எங்கள் வயலில் குறுவை கதிர் வாங்கி நின்றது. கர்நாடகத்திலிருந்து தண்ணீர் வராமல் அது காய்ந்தும் கொண்டிருந்தது. எனக்கு வழக்கமாக விலை பேச வருகிற வியாபாரி அந்த வாரம் வரவில்லை. போன் செய்தேன். வரி எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விலை சொல்ல முடியாது அண்ணே என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

தடையே கூடாது என்று வாதாட நான் வரவில்லை. நாட்டில் அரிசி விலை எகிறினால் முதலில் அடிபடுவது கூலிக்கு வேலை செய்கிற வீடுதான். எங்கள் தெருவிலேயே பாதிப் பேர் நெல் விற்பவர்கள் இல்லை, அரிசி வாங்குபவர்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று. விலை இதற்கு மேல் போகக் கூடாது என்று அரசு தலையிடும்போது, விலை இதற்குக் கீழே போகாது, போர் முடிந்த பிறகும் இத்தனை பருவத்துக்குப் போகாது என்று அதே உத்தரவில் ஏன் எழுதித் தரக் கூடாது? இப்படிக் கீழே விழாமல் தாங்கிப் பிடிக்கிற உறுதி விலையைத்தான் தாங்கு விலை என்கிறேன்.

இப்படி எழுதிக் கொடுத்த நாடுகள் உண்டு. கொடுத்த வாக்கை மீறிய நாடுகளும் உண்டு. விசேஷம் என்னவென்றால் இரண்டும் அதே நாடுகள்தான்.

முதல் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தபோது, பிரிட்டன் 1917இல் ஒரு சட்டம் போட்டது. கோதுமைக்கும் ஓட்ஸுக்கும் குறைந்தபட்ச விலை உறுதி. புல்வெளிகளை உழுது விதையுங்கள் என்றது. விவசாயிகள் உழுதார்கள். 1920இல் அந்த உறுதியை இன்னொரு சட்டத்தால் நீட்டித்தது. அதை எடுப்பதானால் நாலு வருட முன்னறிவிப்பு தருவோம் என்றது. உலக விலை சரிந்தது. உறுதி சொன்ன பணத்தைக் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும், 1921இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். அந்த நாட்டு விவசாயிகள் அதை ‘பெருந்துரோகம்’ என்றே நினைவில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவிலும் இதே கதை. போருக்காகக் கோதுமைக்கு புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 2 டாலர் 20 சென்ட், பிறகு 2 டாலர் 26 சென்ட் என்று உறுதி விலை. 1920இல் அந்த ஏற்பாடு முடிந்தது, விலை விழுந்தது. போர்க்காலத்தில் கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் அந்த நிலத்தை இழந்தார்கள். மற்றவர்களுக்கு 1929இல் தொடங்கிய மந்தம் அமெரிக்க விவசாயிக்கு 1920லேயே தொடங்கிவிட்டது.

அந்தச் சூடு அவர்களுக்கு மறக்கவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்தபோது, வேண்டிய அளவு விளைவிக்கச் சொன்னால் விவசாயி முதலில் கேட்கப்போவது ‘போர் முடிந்ததும் என்னைக் கைவிடுவாயா’ என்பதுதான் என்று அரசுகளுக்குத் தெரிந்திருந்தது. பிரிட்டன் 1940இல் வாக்குக் கொடுத்தது: போர் நடக்கும் காலம் முழுவதும், முடிந்த பிறகு குறைந்தது ஒரு வருடமும், விலை உறுதி. இந்த முறை மீறவில்லை. 1947இல் அதை நிரந்தரச் சட்டமாக்கி, ஒவ்வொரு வருடமும் விவசாயச் சங்கத்தோடு உட்கார்ந்து விலையைப் பேசும் முறையைக் கொண்டுவந்தது.

அமெரிக்கா இன்னும் தெளிவாகச் செய்தது. அங்கே ‘பாரிட்டி’ என்று ஒரு கணக்கு உண்டு. விவசாயி விற்கிற பொருளின் விலையும், அவர் வாங்குகிற பொருட்களின் விலையும் 1910 முதல் 1914 வரை எந்த விகிதத்தில் இருந்தனவோ, அதே விகிதம் இன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு மூட்டை விற்றால் அன்று எவ்வளவு துணி, எவ்வளவு உப்பு வாங்க முடிந்ததோ அவ்வளவு இன்றும் வாங்க முடிய வேண்டும் என்பது அதன் சாரம். என் பாட்டி கணக்கும் அதுதான். ஒரு கலம் நெல் போட்டால் ஒரு புடவை வந்த காலத்தைத்தான் அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1942 ஜனவரியில் அமெரிக்கா போட்ட அவசர விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், விளைபொருளுக்கு உச்ச விலை வைப்பதானால் அது பாரிட்டியில் 110 சதவீதத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்று எழுதினார்கள். அந்த அக்டோபரில் அதை 100க்கு இறக்கினார்கள். ஆனால் அதே கையோடு, அதிகம் விளைவிக்கச் சொன்ன பொருட்களுக்குப் பாரிட்டியில் 90 சதவீதத்துக்குத் தாங்கு விலை என்றும், போர் முடிந்ததாக அறிவித்த பிறகு இரண்டு முழு வருடங்களுக்கு அது தொடரும் என்றும் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 1946 டிசம்பர் 31 அன்று போர் முடிந்ததாக அறிவித்தார்கள். 1948 டிசம்பர் 31 வரை உறுதி நின்றது. முட்டை, பால், சோயா, நிலக்கடலை, உருளைக்கிழங்கு எல்லாம் அதில் இருந்தன.

நகரத்தில் விலை ஏறாதா என்றால், அதற்கும் வழி வைத்திருந்தார்கள். 1943இல் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் கடை விலையைக் குறைத்தபோது, அந்த வித்தியாசத்தை விவசாயி தலையில் கட்டாமல் கருவூலத்திலிருந்து கொடுத்தார்கள். உரத்தில் நம் அரசு செய்வதும் இதே வேலைதான். வாங்கும்போது எங்களுக்குச் செய்வதை, விற்கும்போதும் செய்யலாம் என்கிறேன்.

அதே போரில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1941 டிசம்பரில் கோதுமைக்கு உச்ச விலை வைத்தார்கள். அந்த விலைக்குக் கொள்முதல் செய்து கிடங்கில் வைத்து விற்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. கோதுமை சந்தையை விட்டு மறைந்தது. 1943 ஜனவரியில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. என் தாத்தா வயதுக்காரர்கள் அதை ‘ரங்கூன் அரிசி நின்ன வருஷம்’ என்றே சொல்வார்கள். சாப்பாட்டுக்கு வைத்தது போக மீதி நெல்லை அதிகாரிகள் வந்து அளந்துகொண்டு போன கதையைத் தாத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அளந்து போனதில் அவருக்கு வருத்தம் இல்லை. ஊர் சாப்பிட வேண்டுமே என்பார். நெல்லுக்கு விலை கட்டினார்கள், வேட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டவில்லையே என்பதுதான் அவர் ஆதங்கம்.

வங்காளத்தில் 1942 கோடையில் அரிசிக்கு உச்ச விலை வைத்து, அரிசி மறைந்து, 1943 மார்ச்சில் கட்டுப்பாட்டைத் திடீரென்று கைவிட்டு, விலை வானத்துக்குப் போனது. ஜப்பான் கைக்குப் போய்விடக் கூடாது என்று ராணுவம் படகுகளை அப்புறப்படுத்தியிருந்தது. அந்தப் பஞ்சத்தில் 15 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு மதிப்பிட்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். செத்தவர்களில் நிலமில்லாத கூலிகளும் மீனவர்களும் அதிகம். விலையைக் காகிதத்தில் கட்டிவிட்டு, வாங்கவும் விற்கவும் கையில் எதுவும் வைத்துக்கொள்ளாத அரசு, விளைவிக்கிறவரையும் காப்பாற்றவில்லை, வாங்கிச் சாப்பிடுகிறவரையும் காப்பாற்றவில்லை.

இங்கேதான் உங்களிடம் ஒரு பெயரை நினைவுபடுத்த விரும்புகிறேன். கரூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் வாங்கல் என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி. பரோடாவில் திவானாக இருந்தவர், பின்னால் திட்டக்குழுவின் துணைத் தலைவரானவர். போர் நடந்துகொண்டிருந்த 1944இல் விளைபொருள் விலையைப் பற்றி ஆராய ஒரு துணைக்குழு அமைத்து, அவரைத் தலைவராக்கினார்கள். 1946இல் அறிக்கை கொடுத்தார்கள். குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை இரண்டையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும், அந்த இரண்டுக்கும் நடுவில் விலையை நிறுத்த அரசே வாங்கி இருப்பு வைத்து விற்கும் அமைப்பு வேண்டும், விலையை நிர்ணயிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்று சொன்னது அந்த அறிக்கை. உங்கள் ஆணையத்துக்கு முன்னோடியாக ஒரு காகிதம் உண்டென்றால் அது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

காகிதம் பத்தொன்பது வருடம் தூங்கியது. 1965 ஜனவரியில்தான் விவசாய விலை ஆணையம் என்ற பெயரில் உங்கள் ஆணையம் பிறந்தது. அதே ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தை எங்கள் தஞ்சாவூரில் திறந்தது. அப்போது உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பாகிஸ்தானோடு போர். கூடவே மழையும் பொய்த்தது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை அந்நாட்டு அதிபர் ஜான்சன் மாதக் கணக்குப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். திங்கள்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டார், ஜனங்கள் விட்டுக்கொடுத்தார்கள். ‘ஜெய் ஜவான் ஜெய் கிசான்’ என்ற முழக்கம் பிறந்ததும் அப்போதுதான். போர்முனையில் நிற்பவரையும் வயலில் நிற்பவரையும் அது ஒரே மூச்சில் சொன்னது. அப்படி ஒரு நெருக்கடியில் பிறந்த ஆணையத்திடம்தான் நான் இதைக் கேட்கிறேன் என்பதால் எனக்குத் தயக்கம் இல்லை.

நான் கேட்பது இதுதான். போரையோ, போரால் வந்த தட்டுப்பாட்டையோ காரணம் காட்டி ஏதாவது ஒரு விளைபொருளுக்கு ஏற்றுமதித் தடை, ஏற்றுமதி வரி, வியாபாரி இவ்வளவுக்கு மேல் சரக்கு வைக்கக் கூடாது என்கிற இருப்பு வரம்பு என்று அரசு உத்தரவு போட்டால், அன்றே அந்தப் பொருளுக்கு ஒரு தாங்கு விலையும் அறிவிக்க வேண்டும் என்று உங்கள் அடுத்த அறிக்கையில் பரிந்துரை செய்யுங்கள். உத்தரவுக்கு முந்தைய மாதங்களில் விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலையில் ஒரு பங்காக அது இருக்கட்டும். எந்தப் பங்கு என்பதை நீங்கள் கணக்கிடுங்கள், அந்த வேலை உங்களுக்குத் தெரியும். வழக்கமான ஆதரவு விலையை விட அது குறையக் கூடாது. உத்தரவை விலக்கிக்கொண்ட பிறகு இரண்டு பருவங்களுக்கு அது நிற்க வேண்டும். கிடங்குச் சரக்கை வெளிச்சந்தையில் விற்பதானால் அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். 2023 பிப்ரவரி இன்னொரு முறை வேண்டாம்.

இதில் உள்ள ஆபத்து எனக்குத் தெரியும். அமெரிக்காவில் போருக்குப் பிறகு உருளைக்கிழங்கு தாங்கு விலை பெரும் விரயத்தில் முடிந்தது. எவ்வளவு விளைந்தாலும் அரசு வாங்க வேண்டும் என்று அளவே இல்லாமல் எழுதியிருந்தார்கள். குவிந்ததை வாங்கி, திரும்பச் சந்தைக்கு வராதபடி நீலச் சாயம் ஊற்றினார்கள், அழித்தார்கள். பசியுள்ள ஒரு நாட்டில் அப்படி நடந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. ஆகவே ஏக்கருக்கு இவ்வளவு, பட்டாவுக்கும் குத்தகைப் பதிவுக்கும் ஏற்ப இவ்வளவு என்று அளவு வையுங்கள். குத்தகைதாரரை விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கம் எழுத்தில் இல்லாத குத்தகைதான் அதிகம். கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பெயர் ஏறுவதற்கே நடையாய் நடக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. விலையை அறிவித்தால் போதாது, அந்த விலைக்கு யாராவது வாங்க வேண்டும். நெல்லுக்காவது எங்களுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவார்கள், மழையில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நாலு ராத்திரி காவல் இருந்திருக்கிறேன். ஆனாலும் இருக்கிறது. உளுந்துக்கு உங்கள் பட்டியலில் விலை இருக்கிறது. எங்கள் ஊரில் அந்த விலைக்கு உளுந்து விற்ற ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நிலக்கடலைக்காரர்கள் நிலையும் இதுதான். போர்க்காலத் தாங்கு விலை நெல்லோடும் கோதுமையோடும் நின்றுவிட்டால், அடுத்த முறை எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வரும்போது கடலை போடச் சொன்னால் யார் போடுவார்கள்?

செலவு எங்கிருந்து என்று நிதி அமைச்சகம் கேட்கும். இப்போதும் செலவு இருக்கத்தான் செய்கிறது. ஏற்றுமதி தடைபட்டதால் விலையில் குறைந்த ஒவ்வொரு ரூபாயையும் ஒருவர் கொடுத்திருக்கிறார். அது பட்ஜெட்டில் வராததால் யார் கண்ணுக்கும் படவில்லை. நாட்டுக்காக அந்தச் சுமை தேவை என்றால் அதை நாடு முழுவதும் பகிர்ந்துகொள்ளட்டும். எங்கள் பங்கைத் தர நாங்கள் மறுக்க மாட்டோம்.

ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் மாநில அரசுகளிடமும் விவசாயிகளிடமும் கருத்துக் கேட்கிறீர்கள். அடுத்த முறை ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேருங்கள்: போர்க்கால உத்தரவு வந்த நாளுக்கு முன்னும் பின்னும் களத்தில் உங்களுக்கு என்ன விலை கிடைத்தது? எங்கள் ஊரில் முப்பது நாற்பது பேர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். தேதி போட்டு, வியாபாரி சொன்ன விலை, கையில் வந்த பணம், இரண்டும் இருக்கிறது. படி எடுத்து அனுப்புகிறோம். நேரில் யாராவது வந்தால் இன்னும் நல்லது. சம்பாவுக்கு நாற்று விட்டிருக்கிறோம், தை வரைக்கும் வயலிலேயேதான் இருப்போம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து நெல் விவசாயி ஒருவர்